காக்கி ஏன் தைசெங்கைப் பின்தொடரவில்லை: ஒரு போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷன் பழுது

சிராங்கூன் சாலையில் கடைகளும் காக்கி புக்கிட்டில் கிடங்கும் வைத்து மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அவ்வப்போது டேட்டாபேஸ் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். பில், சரக்கு இருப்பு, டெலிவரி எல்லாமே போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸில் இருக்கின்றன. எழுதுவதை ஏற்கும் பிரைமரி சர்வர் கிடங்கின் மாடியில். அதை உடனுக்குடன் நகலெடுக்கும் (அதுதான் ரெப்ளிகேஷன்) ஸ்டேண்ட்பை சர்வர் தை செங்கில் இருக்கும் டேட்டா சென்டரில், வாடகை ரேக்கில். இரண்டிலும் டெபியன் 12 லினக்ஸ். அவற்றை இங்கே முறையே காக்கி, தைசெங் என்றே சொல்கிறேன்.

கிடங்கு இருக்கும் கட்டடத்தில் வருடாந்திர மின்பராமரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலை ஆறு மணிவரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் கூட்டம் எப்படி இருக்கும் என்று சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பில் நிற்கக் கூடாது. அதனால் நிறுவனத்தில் ஐடி பார்க்கும் தம்பி காலையில் காக்கியை நிறுத்திவிட்டு, தைசெங்கைப் பிரைமரியாக உயர்த்தினார். கடைகள் வழக்கம்போல ஓடின.

திங்கள் காலை போன் வந்தது. “அண்ணே, தைசெங் நல்லா ஓடுது. ஆனா காக்கி ஸ்டேண்ட்பையா சேரவே மாட்டேங்குது. லாக் ஃபுல்லா எரர்.”

கடைக்காரர் கண்ணுக்கு இதில் ஒரு பிரச்சினையும் தெரியாது; பில் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த நிமிடம் தைசெங் தனியாக நிற்கிறது. அதன் டிஸ்க் போனால் ஞாயிறு காலையிலிருந்து போட்ட பில்களில் வால் ஆர்க்கைவுக்கு (மாற்றங்களைப் பதியும் கோப்புகளின் சேமிப்புக்கு) இன்னும் போய்ச் சேராத எதுவும் திரும்பி வராது. புதிய பிரைமரி எழுந்து நின்றதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பழையது அதன் பின்னால் சேர்ந்த பிறகுதான் முடிகிறது. அதனால் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு காக்கி புக்கிட்டுக்குப் போனேன்.

முதலில் தம்பியிடம் ஞாயிறன்று செய்ததைப் படிப்படியாகக் கேட்டுக்கொண்டேன். பயன்பாடுகளை நிறுத்தியிருக்கிறார், காக்கியில் போஸ்ட்கிரெஸை ‘ஃபாஸ்ட்’ முறையில் நிறுத்தியிருக்கிறார், தைசெங்கில் ‘பிஜி_ப்ரமோட்’ ஓட்டியிருக்கிறார். மாலை கரண்ட் வந்ததும் காக்கியில் ‘ஸ்டேண்ட்பை.சிக்னல்’ கோப்பை வைத்து, பிரைமரி முகவரியை தைசெங் பக்கம் திருப்பி, மறுபடி தொடங்கியிருக்கிறார். வரிசை சரியானதுதான். ஒழுங்காக நிறுத்தப்படும் பிரைமரி, ஷட்டவுன் செக்பாயிண்ட் (மூடும்போது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிப் போடும் குறி) வரைக்குமான எல்லாப் பதிவுகளையும் இணைப்பில் இருக்கும் ஸ்டேண்ட்பைக்கு அனுப்பிய பிறகே மூடும். அப்படி மூடியிருந்தால் பழைய பிரைமரி எந்தச் சிகிச்சையும் இல்லாமல் நேராக ஸ்டேண்ட்பையாகச் சேர்ந்துவிட வேண்டும். இங்கே சேரவில்லை.

காக்கியின் லாக்கில் முதலில் தெரிந்தது அனுமதிப் பிழை. யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பில், தைசெங் பக்கம், காக்கியின் முகவரியிலிருந்து வரும் ரெப்ளிகேஷன் இணைப்புக்கு வரி இல்லை. தம்பிக்கு இது புரியவில்லை. “எல்லா டேட்டாபேஸுக்கும் ‘ஆல்’னு போட்டிருக்கேனே அண்ணே” என்றார். அந்த ‘ஆல்’ ரெப்ளிகேஷன் இணைப்பைச் சேர்க்காது. டேட்டாபேஸ் பத்தியில் ‘ரெப்ளிகேஷன்’ என்றே எழுதிய தனி வரி வேண்டும். காக்கியில் அது இருந்தது. தைசெங்கில் இல்லை. டெபியனில் இந்தக் கோப்பு டேட்டா டைரக்டரிக்கு வெளியே, இடிசி டைரக்டரியில் இருக்கிறது. ஸ்டேண்ட்பையை உருவாக்கும்போது ‘பிஜி_பேஸ்பேக்கப்’ டேட்டா டைரக்டரியை மட்டும்தான் எடுத்து வரும். தைசெங் இத்தனை காலம் கேட்கும் இடத்தில் இருந்ததால் இந்தக் குறை வெளியே வரவே இல்லை. வரியைச் சேர்த்து ரீலோட் செய்தோம்.

அடுத்த பிழை உடனே வந்தது: காக்கி கேட்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ஸ்டேண்ட்பைக்கு இன்னும் போகாத பதிவுகளைப் பிரைமரி அழிக்காமல் பிடித்து வைக்கும் ஏற்பாடு) தைசெங்கில் இல்லை. இதுவும் அதே வகைதான். ஸ்ட்ரீமிங்கில் டேட்டா எல்லாம் போகும், ஸ்லாட் போகாது. தைசெங்கில் காக்கிக்கென ஒரு ஸ்லாட் உருவாக்கினோம்.

இந்த இடத்தில் எனக்கு வேறொரு கவலை இருந்தது. ஞாயிறு காலையிலிருந்து ஸ்லாட் இல்லாமல் தைசெங் ஓடியிருக்கிறது. ரைட்-அஹெட் லாக், அதாவது வால் கோப்புகளை, காக்கிக்காக யாரும் பிடித்து வைக்கவில்லை. நல்லவேளையாக ‘வால்_கீப்_சைஸ்’ 4 ஜிபி என்று வைத்திருந்தார்கள். ஒரு கோப்பு 16 எம்பி என்றால் 256 கோப்புகள். அதற்குப் பிறகு வியாபாரம் அவ்வளவு எழுதியிருக்கவில்லை. தேவையானவை எல்லாம் இருந்தன.

சரி, இனி ஓடும் என்று பார்த்தால் மூன்றாவது பிழை. காக்கி கேட்கும் தொடக்க இடம், டைம்லைன் 1-இல், தைசெங்கின் வரலாற்றிலேயே இல்லை என்று தைசெங் மறுத்தது. காக்கியின் லாக்கைப் பின்னோக்கிப் படித்தால், இதன் மறுபாதி ஸ்லாட் பிழைகளுக்கு நடுவிலேயே இருந்தது: ‘புதிய டைம்லைன் 2, நான் ஏற்கெனவே தாண்டி வந்துவிட்ட இடத்துக்கு முன்னாலேயே பிரிந்துவிட்டது’ என்ற பொருளில் ஒரு வரி. அது பிழை என்ற அடையாளத்தோடு வராது, சாதாரண ‘லாக்’ வரியாக வரும். அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

டைம்லைன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டேண்ட்பை ஒன்று பிரைமரியாக உயரும்போது போஸ்ட்கிரெஸ் டைம்லைன் எண்ணை ஒன்று கூட்டுகிறது. எந்த இடத்தில் பிரிந்தோம் என்பதை ஒரு ஹிஸ்டரி கோப்பில் எழுதி வைக்கிறது. வால் கோப்பின் பெயரில் முதல் எட்டு இலக்கங்கள் இந்த எண்தான். 000000010000000200000047 என்பது பழைய கிளை. 000000020000000200000047 என்பது அதே இடத்தில் தொடங்கும் புதிய கிளை. ஸ்டேண்ட்பை பிரிவு இடத்துக்கு முன்னால் நின்றால் அல்லது அங்கேயே நின்றால் புதிய கிளைக்கு மாறிக்கொள்ளும். அதைத் தாண்டி பழைய கிளையில் ஒரு சிறு பதிவு எழுதியிருந்தாலும் மாற முடியாது. அந்தப் பதிவு புதிய பிரைமரியில் நடக்கவே இல்லை.

அப்படியென்றால் காக்கி, நிறுத்தப்பட்ட பிறகு எதையோ எழுதியிருக்கிறது.

இரண்டு சர்வர்களின் லாக்கையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் திறந்து நேரப்படி படித்தோம். இந்த வேலையில் நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்: சேராத சர்வரின் லாக்கை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். காலையில் காக்கி ஒழுங்காக மூடியது. சில நிமிடங்களில் தைசெங் டைம்லைன் 2 எடுத்தது. மாலை நாலு மணி வாக்கில் காக்கியின் லாக்கில் ஒரு வரி: ‘டேட்டாபேஸ் இணைப்புகளை ஏற்கத் தயார்’. ஸ்டேண்ட்பையாக இல்லை, முழுப் பிரைமரியாக. தம்பி கிடங்குக்கு வந்து சேர்ந்தது ஆறு மணிக்கு.

விஷயம் புரிந்தது. மின்பராமரிப்பு அறிவித்த நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் தானாக எழும்படி சர்வரின் பயாஸில் அமைப்பு இருந்தது. லினக்ஸ் எழுந்தது, கூடவே போஸ்ட்கிரெஸும் எழுந்தது. சிக்னல் கோப்பு இல்லாததால் அது பழைய வேடத்திலேயே, எழுதத் தயாராக நின்றது. இரண்டு மணி நேரம் சிங்கப்பூரில் அந்த நிறுவனத்துக்கு இரண்டு பிரைமரிகள் இருந்திருக்கின்றன.

வெறுமனே நின்றிருந்தாலும் செக்பாயிண்ட், ஆட்டோவேக்யூம் (தானாக நடக்கும் சுத்திகரிப்பு) என்று கொஞ்சம் எழுதியிருக்கும். டைம்லைன் பிரிய அதுவே போதும். அது மட்டும்தானா, வியாபார டேட்டாவும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தம்பி உடனே ரீவைண்ட் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ‘பிஜி_ரீவைண்ட்’ காக்கியைப் பிரிவு இடத்துக்கு முன்னால் கொண்டுபோய் தைசெங்கைப் போல ஆக்கிவிடும். காக்கியில் மட்டும் இருக்கும் எதுவும் சத்தமில்லாமல் அழியும். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதை ஓட்டக் கூடாது.

காக்கியை நிறுத்தி, டேட்டா டைரக்டரியை அப்படியே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தோம். 200 ஜிபிக்குப் பக்கம் என்பதால் நேரம் பிடித்தது. அதற்குள் ‘பிஜி_வால்டம்ப்’ கருவியை எடுத்து, டைம்லைன் 1, பிரிவு இடம் 2/47000160 என்று கொடுத்து, அதற்குப் பிறகு காக்கி எழுதியதை வரிவரியாகப் பார்த்தோம். ஒவ்வொரு பதிவும் எந்த டேபிளைத் தொட்டது என்பதை மூன்று எண்களாகக் காட்டும்: டேபிள்ஸ்பேஸ், டேட்டாபேஸ், கோப்பு எண். டேபிள்ஸ்பேஸ் எண்ணையும் கோப்பு எண்ணையும் ‘பிஜி_ஃபைல்நோட்_ரிலேஷன்’ என்ற செயற்கூறிடம் கொடுத்தால் டேபிள் பெயர் வந்துவிடும். பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் தன் உபயோகத்துக்கு வைத்திருக்கும் கேட்டலாக் டேபிள்கள். நடுவில் ‘சரக்கு வரவு’ டேபிளில் புதிய வரிசைகள் சேர்ந்திருந்தன.

கிடங்கில் கேட்டோம். அன்று மாலை ஒரு லாரியில் அரிசியும் பருப்பும் வந்திருக்கிறது. கரண்ட் வந்துவிட்டதால் ஸ்கேனரை எடுத்து வழக்கம்போல வரவு வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்கேனர் பயன்பாட்டில் மட்டும் காக்கியின் உள்ளூர் முகவரி நேரடியாக எழுதப்பட்டிருந்தது. அவர்கள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. திரையில் பச்சை வந்தது, அடுத்த மூட்டைக்குப் போனார்கள். ஆறு மணிக்குக் காக்கி ஸ்டேண்ட்பையாக மாறியதும் அந்த வரவுகள் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துக்குப் போய்விட்டன. திங்கள் காலை கணினியில் இருப்புக் குறைவாகக் காட்டுவதாகக் கிடங்கில் முணுமுணுப்பு கிளம்பியிருக்கிறது. அதையும் ரெப்ளிகேஷனையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிரதியில் சிக்னல் கோப்பை நீக்கி, வேறு போர்ட்டில், வெளி இணைப்பு எதுவும் ஏற்காதபடி, ஆர்க்கைவை முடக்கித் தொடங்கினோம். ஆர்க்கைவை மறக்கக் கூடாது. இந்தப் பிரதியும் தன்னைப் பிரைமரி என்றுதான் நினைக்கும், தன் வால் கோப்புகளை நல்ல ஆர்க்கைவுக்குள் தள்ளப் பார்க்கும். அதிலிருந்து ஞாயிறு மாலை வரவுகளைப் பட்டியலாக எடுத்துக் கிடங்கில் கொடுத்தோம். அவர்கள் மூட்டைகளோடு ஒப்பிட்டு, பயன்பாட்டின் வழியாகவே தைசெங்கில் மறுபடி வரவு வைத்தார்கள். நேராக டேபிளில் செருகியிருக்கலாமே என்று தம்பி கேட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை. இருப்புக் கணக்கு, விலை, சப்ளையர் பாக்கி எல்லாம் பயன்பாடு சேர்த்துச் செய்யும் வேலை.

இதற்கு நடுவில் கணக்கு பார்க்கும் அக்கா மாடிக்கு வந்தார். “தம்பி, ஞாயித்துக்கிழமை காலையில பில் நம்பர் திடீர்னு தாவியிருக்கு. நடுவுல இருபதுக்கும் மேல காணோம். யாராவது பில்லை அழிச்சிட்டாங்களா?” வரிக் கணக்குக்காக அவர் இதைக் கவனமாகப் பார்ப்பவர், பயந்துபோயிருந்தார். யாரும் அழிக்கவில்லை. போஸ்ட்கிரெஸில் வரிசை எண் கொடுக்கும் சீக்வென்ஸ், ஒவ்வொரு எண்ணுக்கும் வால் பதிவு எழுதாமல், 32 எண்களை முன்கூட்டியே பதிந்துகொள்ளும். ஸ்டேண்ட்பைக்குத் தெரிவது அந்த முன்பதிவு எண் மட்டும்தான். அது பிரைமரியாக உயர்ந்ததும் அங்கிருந்து தொடங்கும். நடுவில் பயன்படாத எண்கள் விடுபடும். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அவர் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

அந்தத் தாவலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காக்கி பழைய இடத்திலிருந்தே எண்ணைத் தொடர்ந்ததால், ஞாயிறு மாலை வரவுகளின் எண்கள் தைசெங் தாண்டிப்போன இடைவெளிக்குள் விழுந்திருந்தன. அதனால் மோதல் எதுவும் இல்லை. லாரி இன்னும் பெரிதாக இருந்திருந்தால் ஒரே எண் இரண்டு சரக்குக்குப் போயிருக்கும்.

இனி ரீவைண்ட். அது ஓட வேண்டுமென்றால் டேட்டா செக்சம் (டேட்டா கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) இருக்க வேண்டும், அல்லது ‘வால்_லாக்_ஹின்ட்ஸ்’ ஆனில் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 15-இல் இரண்டுமே இயல்பாக ஆஃப். பிரிந்த பிறகு ஆன் செய்து பயனில்லை. இவர்கள் தொடக்கத்திலேயே செக்சம் வைத்திருந்தார்கள்; இல்லையென்றால் 200 ஜிபியையும் முதலிலிருந்து இழுக்க வேண்டியிருக்கும். காக்கி ஒழுங்காக நின்றிருக்கிறதா என்று ‘பிஜி_கன்ட்ரோல்டேட்டா’வில் உறுதி செய்துகொண்டு, முதலில் எதையும் மாற்றாத ‘ட்ரை-ரன்’ போட்டுப் பார்த்தோம். பிரிந்த இடமும், இரண்டுக்கும் பொதுவான கடைசி செக்பாயிண்ட்டும் வந்தன. நாங்கள் வால்டம்ப்பில் பார்த்த இடத்தோடு பொருந்தியது. நிஜமாக ஓட்டியபோது மாறிய பிளாக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு சீக்கிரமே முடிந்தது.

தொடங்கினால் மறுபடி ஸ்லாட் பிழை! ஆனால் இந்த முறை பெயர் வேறு. காக்கி தன் பெயரிலான ஸ்லாட்டைக் கேட்காமல் ‘தைசெங்’ என்ற ஸ்லாட்டைக் கேட்டது. ரீவைண்ட் டேட்டா டைரக்டரியில் இருக்கும் அமைப்புக் கோப்புகளையும் மூலத்திலிருந்து அப்படியே எடுத்து வரும். தைசெங்கின் ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப்’ அப்படித்தான் வந்திருந்தது. அதில் அது ஸ்டேண்ட்பையாக இருந்த காலத்து அமைப்புகள்: பிரைமரி முகவரி காக்கி, ஸ்லாட் பெயர் தைசெங். முகவரியை ரீவைண்டின் ‘ஆர்’ தெரிவு கடைசியில் சேர்த்து எழுதியதால் தப்பித்தோம். கடைசியில் இருப்பதுதான் செல்லும். அது இல்லாமல் ஓட்டியிருந்தால் காக்கி தன்னையே பிரைமரி என்று தேடிக்கொண்டிருக்கும். ஸ்லாட் பெயரைத் திருத்தித் தொடங்கினோம்.

டைம்லைன் 2-இல் ஸ்ட்ரீமிங் தொடங்கியது என்ற வரி வந்தது. தைசெங்கில் ‘பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன்’ பார்த்தால் ‘கேட்சப்’ என்று இருந்து, சீக்கிரமே ‘ஸ்ட்ரீமிங்’ ஆனது. அனுப்பிய இடத்துக்கும் காக்கி நடைமுறைப்படுத்திய இடத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யத்தைத் தொட்டது. கிடங்கின் புதிய வரவு ஒன்றைக் காக்கியிலும் தேடிப் பார்த்து, இருந்தது என்ற பிறகுதான் கீழே போய் தே ஓ (பால் இல்லாத டீ) குடித்தோம்.

மறுபடி காக்கியையே பிரைமரியாக்க வேண்டியிருந்ததால், அதற்கு முன் சில வேலைகள். முதலாவது, காக்கி தானாக எழுவதை நிறுத்துவது. டெபியனில் ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் கிளஸ்டருக்கும் ‘ஸ்டார்ட்.கான்ஃப்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. ‘ஆட்டோ’ என்பதை ‘மேனுவல்’ ஆக்கினால் மனிதர் ஒருவர் வந்து தொடங்கும்வரை எழாது. வேடம் மாற்றிக்கொள்ளும் சர்வரில் இது ‘ஆட்டோ’வில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ராத்திரி எழுந்து போய்த் தொடங்க வேண்டியிருக்கும் என்று முதலாளி தயங்கினார். மூட்டைக் கணக்கைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

ஸ்கேனர் பயன்பாட்டில் இரண்டு முகவரிகளையும் கொடுத்து, எழுதத் தயாராக இருக்கும் சர்வரோடு மட்டும் இணையும்படி ‘டார்கெட்_செஷன்_ஆட்ரிப்யூட்ஸ்’ அமைத்தோம். இது உதவும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை இது மட்டும் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்காது. இரண்டு சர்வர்களுமே எழுதத் தயார் என்று சொன்னால் பயன்பாடு முதலில் கிடைப்பதோடு சேர்ந்துவிடும். பழையதை எழ விடாமல் தடுப்பதுதான் தீர்வு.

அமைப்புகளை ஆட்டோ கோப்பிலிருந்து நீக்கி, ஒவ்வொரு சர்வரின் இடிசி டைரக்டரியிலும் மறுபக்கத்து முகவரியையும் தன் ஸ்லாட் பெயரையும் எழுதி வைத்தோம். பிரைமரியாக இருக்கும்போது இவை சும்மா கிடக்கும், கெடுதல் இல்லை. பிஜி_எச்பிஏ வரிகள் இரண்டு பக்கமும் ஒன்றாயின. ஸ்லாட்டையும் இரு பக்கமும் முன்பே உருவாக்கி வைத்தோம்; ஸ்டேண்ட்பையிலும் ஃபிசிகல் ஸ்லாட் உருவாக்கலாம். உடனே இடம் பிடிக்கச் சொல்லாமல் உருவாக்கினால் முதல் இணைப்பு வரும்வரை அது எந்த வால் கோப்பையும் பிடித்து வைக்காது. சிங்க்ரோனஸ் ரெப்ளிகேஷன் (ஸ்டேண்ட்பையின் பதில் வரும்வரை கமிட் காத்திருக்கும் முறை) வைத்திருப்பவர்கள் ஸ்டேண்ட்பை பெயரையும் இந்த நேரத்திலேயே சரிபார்க்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு கமிட்டும் தொங்கி நிற்கும். இவர்களுக்கு அது இல்லை.

அடுத்த வாரம், கடைகள் மூடிய பிறகு திரும்ப மாற்றினோம். தைசெங்கை நிறுத்தி, அதன் ஷட்டவுன் செக்பாயிண்ட் இடத்தைக் குறித்துக்கொண்டு, காக்கி அதைத் தாண்டிவிட்டதா என்று ஒப்பிட்ட பிறகே உயர்த்தினோம். டைம்லைன் 3. சிக்னல் கோப்பை வைத்துத் தைசெங்கைத் தொடங்கியதும் ரீவைண்ட் இல்லாமலே சேர்ந்துகொண்டது.

இரண்டு நாள் கழித்துத் தம்பி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். தைசெங்கில் வால் டைரக்டரி பெருகிக்கொண்டே போகிறது. அது பிரைமரியாக இருந்தபோது காக்கி பயன்படுத்திய ஸ்லாட் அங்கேயே உயிரோடு இருந்தது; இனி யாரும் கேட்க வராத கோப்புகளைக் காக்கிக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தது. முதல் தடவை காக்கியில் இது தெரியாததற்குக் காரணம், ரீவைண்ட் பழைய ஸ்லாட்டுகளை நீக்கிவிட்டது. சுத்தமாகச் சேரும்போது அப்படி நடக்காது. அந்த ஸ்லாட்டை நீக்கி, இடம் பிடிக்காத புதியதாக மறுபடி உருவாக்கச் சொன்னேன். இரண்டு சர்வரிலும் ‘மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்’ வரம்பும் வைத்தோம். அடுத்த ரீஸ்டார்ட் பாயிண்ட் (ஸ்டேண்ட்பையில் நடக்கும் செக்பாயிண்ட்) முடிந்ததும் டைரக்டரி பழைய அளவுக்கு இறங்கியது. வேடம் மாற்றிய பின் கீழிறங்கிய சர்வரில் பழைய ஸ்லாட்டை நீக்க வேண்டும் என்பதைத் தம்பி தன் படிப்பட்டியலில் கடைசி வரியாகச் சேர்த்துக்கொண்டார்.